சேலத்துக் குடும்பத்துக்கு எந்த எஸ்யூவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்தில் ஐந்து, ஆறு நாள் ஓமலூர் ரோட்டிலோ ஆத்தூர் ரோட்டிலோ வேலைக்குப் போய்வர வேண்டும். லீவு விட்டால் பிள்ளைகளோடு ஏற்காடு, மேட்டூர், கொல்லிமலை என்று கிளம்ப வேண்டும். கூடவே பெரியவர்களும் வருவார்கள். இப்படி ஒரே வண்டியை எல்லாவற்றுக்கும் நம்பியிருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? விலையா, மைலேஜா, கம்பெனி பெயரா?

பின் சீட்டைப் பாருங்கள். ஷோரூமுக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் உட்காருகிறோம். திரையைத் தட்டிப் பார்க்கிறோம், அங்கேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது. ஆனால் அந்த வண்டியில் அதிகம் பேர் உட்காரப்போவது பின்னால். எனவே வீட்டிலேயே வயதில் மூத்தவரையும், ஆகச் சின்னவரையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள்.

முழங்கால் வலி உள்ள அம்மாயி புடவையோடு ஏறி உட்காருவதைக் கவனித்தாலே பல விஷயம் தெரிந்துவிடும். சீட் அவரது இடுப்பு உயரத்துக்கு இருந்தால் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொள்வார். அதைவிட உயரமாக இருந்தால் கைப்பிடியைப் பற்றி ஏற வேண்டும், இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு தொடை சீட்டில் முழுக்கப் படிகிறதா என்று பாருங்கள். முட்டி மேலே தூக்கிக்கொண்டு நின்றால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும்.

சின்னப்பிள்ளைக்குக் கண்ணாடி முக்கியம். இப்போது வரும் பல எஸ்யூவிகளில் பின் கதவின் கண்ணாடி அழகுக்காக மேல்நோக்கிச் சரிந்து சின்னதாகிவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தை உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே கதவின் பிளாஸ்டிக்தான் இருக்கும். வெளியே பார்க்க முடியாத பிள்ளைதான் மலைப்பாதையில் முதலில் வாந்தி எடுக்கும்: உடம்பு திரும்புவது காதுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அந்தக் குழப்பம்தான் குமட்டல். கண்ணாடி பெரிதாக உள்ள வண்டி உங்கள் ஏற்காடு பயணத்தையே மாற்றிவிடும்.

அப்புறம் பின்சீட்டுக்கு ஏசி வென்ட். சேலத்து சித்திரை வெயிலில் இது ஆடம்பரம் கிடையாது. சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

பெட்ரோலா, டீசலா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நடுத்தர அளவு எஸ்யூவி, டவுனும் ஹைவேயும் கலந்து பெட்ரோலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசலில் 16 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் விலை நூறு ரூபாய், டீசல் அதைவிட எட்டு ரூபாய் குறைவு என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 8,300 ரூபாய், டீசலுக்கு 5,800 ரூபாய். மாதம் 2,500 ரூபாய் மிச்சம். டீசல் வண்டி ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால் அதை எடுக்க ஐந்து வருஷம் ஆகும். மாதம் 2000 கிலோமீட்டர் என்றால் இரண்டரை வருஷம். 500 என்றால் பத்து வருஷம், அதற்குள் வண்டியையே மாற்றிவிடுவீர்கள்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஓட்டத்தின் தன்மை. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குப் புகை நன்றாகச் சூடாக வேண்டும், சூடாக ஒரே சீரான வேகத்தில் பதினைந்து, இருபது நிமிஷம் ஓட வேண்டும். அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு, அங்கிருந்து ஸ்கூல், திரும்ப வீடு என்று நாலு நாலு கிலோமீட்டராக ஓட்டினால் அது நடக்கவே நடக்காது. கரி அடைத்து விளக்கு எரியும், வண்டி இழுக்காது, கடைசியில் சர்வீஸ் சென்டரில் நிற்கும். டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் டீசல் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். தினமும் சங்ககிரிக்கோ, நாமக்கல்லுக்கோ, ஆத்தூருக்கோ ஹைவேயில் போய்வருகிறவருக்கு டீசலைப்போல நிம்மதியான வண்டி கிடையாது.

ஏற்கெனவே டீசல் வைத்திருந்து டவுனிலேயே ஓட்டுகிறீர்களா? மாதம் இரண்டு முறையாவது சங்ககிரி வரை நான்கு வழிச்சாலையில் ஒரு கியர் குறைத்து, இன்ஜின் நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் இருக்கும்படி ஓட்டிவிட்டு வாருங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் வண்டியை ஆஃப் செய்யாமல் உடனே இதைச் செய்யுங்கள்.

ஏற்காடு ஏற எவ்வளவு பெரிய இன்ஜின் வேண்டும்?

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். இதை 1.2 லிட்டர் இன்ஜினும் ஏறும். எப்படி ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் காற்றைத் தானாக உறிஞ்ச வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது; ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சக்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். டர்போ இருந்தால் அது காற்றை அழுத்தி அனுப்புவதால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

இதைவிட முக்கியமானது, இழுவை எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பது. மாருதி பிரெஸ்ஸாவின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தரும் அதிகபட்ச டார்க், அதாவது இழுவை, சுமார் 137 நியூட்டன் மீட்டர், அதுவும் 4400 சுற்றில். ஹூண்டாய் கிரெட்டா டீசல் 250 நியூட்டன் மீட்டரை 1500 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது, வளைவில் வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்டுத் திரும்ப ஏறுகிறது. அந்த இடத்தில் முதல் வண்டியை ஃபர்ஸ்ட் கியரில் போட்டு அலறவிட வேண்டும், இரண்டாவது வண்டி செகண்டிலேயே நகரும். மாதம் ஒருமுறை மலையேறுகிற வீடு என்றால் டர்போ பெட்ரோலோ டீசலோ வாங்குங்கள். வருஷத்துக்கு ஒருமுறைதான் என்றால் சாதாரண பெட்ரோலே போதும், ஏசியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு ஏறினால் சரியாகிவிடும்.

மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். மலர் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தில் வளைவுக்கு வளைவு வண்டிகள் நின்று நின்று நகரும், காற்றில் கிளட்ச் கருகும் வாசனை வரும். ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருளாமல் சில விநாடி பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்ட் வசதியை அந்த நாளில் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். நீங்கள் வாங்கும் வேரியன்ட்டில் அது இருக்கிறதா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

ஆட்டோமேட்டிக் மலையில் சரிப்படுமா?

சரிப்படும், ஆனால் ஆட்டோமேட்டிக் எல்லாம் ஒன்றல்ல. கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருப்பதுதான் நம் ரோட்டுக்கு என் முதல் தேர்வு: ஏற்றத்தில் நின்று நகர்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. கியர் கியராக மாறாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி வழவழவென்று போகும், பின்னால் இருப்பவர்களுக்குத் தலை சுற்றாது. ஆனால் ஏற்றத்தில் இன்ஜின் ஒரே சுருதியில் கத்தும். இரட்டை கிளட்ச் டிசிடி ஹைவேயில் அருமை. ஏற்றத்து நெரிசலில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை வரும். பிரேக்கைப் போட்டு முழுதாக நின்று, இடம் கிடைத்ததும் நகர வேண்டும். மேனுவல் கியரையே வண்டி தானாக மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி விலை குறைவு, மைலேஜ் நன்றாக இருக்கும். ஆனால் கியர் மாறும்போது தலை ஆடும், வளைவில் தப்பான நேரத்தில் கியர் மாற்றும். அதை வாங்கினால் மலையில் மேனுவல் மோடில் ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள்.

ஃபோர்வீல் டிரைவ் தேவையா?

ஏற்காட்டுக்குத் தேவையில்லை. பேருந்து ஏறும் தார்ச்சாலை அது. பகோடா பாயின்ட், கரடியூர், சேர்வராயன் கோயில் வரை சாதாரண வண்டிகளே போகின்றன. மழைக்காலத்தில் எஸ்டேட் மண்பாதைக்குள் அடிக்கடி இறங்க வேண்டிய வேலை உள்ளவருக்கு மட்டும் தார், ஜிம்னி, ஸ்கார்ப்பியோ-என் போன்றவை பொருந்தும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் போடலாம். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துபோன டயரோடு நனைந்த வளைவில் போனால் ஃபோர்வீல் டிரைவாலும் வண்டியை நிறுத்த முடியாது.

வீட்டில் ஆறு பேர். ஏழு சீட் வாங்கலாமா?

ஆறு பேரும் வாரத்துக்கு எத்தனை தடவை சேர்ந்து போகிறீர்கள்? அடிக்கடி என்றால் தயங்காமல் வாங்குங்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் என்றால், அன்றைக்கு ஒரு வாடகை வண்டி பிடிப்பது லாபம்.

மூன்றாவது வரிசை பின்சக்கரத்துக்கு மேலேயே வருகிறது. கொண்டை ஊசியில் அதிகம் தூக்கிப்போடுவது அந்த இடத்தைத்தான். பெரியவர்களை அங்கே உட்காரவைக்காதீர்கள். மசக்கை உள்ளவர்களும், வாந்தி வரும் பிள்ளைகளும்கூட அங்கே வேண்டாம். தவிர, மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கி காணாமல் போகும். ஜமக்காளம், புளிசாதத் தூக்கு, 20 லிட்டர் தண்ணீர் கேன், துணிப்பை எல்லாம் யார் மடியில்? வைகாசியில் மாம்பழக் கூடை வேறு சேர்ந்துகொள்ளும். தண்ணீர் கேனையே ஷோரூமுக்கு எடுத்துப்போய் டிக்கியில் தூக்கி வைத்துப் பாருங்கள். டிக்கியின் விளிம்பு எவ்வளவு உயரம் என்பதை உங்கள் இடுப்பு சொல்லும்.

ஹைபிரிட், மின்சாரம், சிஎன்ஜி?

பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் டவுன் ஓட்டத்துக்கு மிக நல்லது. மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். நடைமுறையில் அது குறையும் என்றாலும், புதிய பஸ் நிலையம் பக்கத்து நெரிசலில் பெரும்பாலும் பேட்டரியில் ஓடுவதால் மற்ற பெட்ரோல் வண்டிகள் பக்கத்தில் வர முடியாது. இரண்டு குறைகள்: பேட்டரி டிக்கியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நீண்ட ஏற்றத்தில் பேட்டரி தீர்ந்ததும் மூன்று சிலிண்டர் இன்ஜின் சத்தம் போடும்.

மின்சாரக் கார் மலை ஏறுமா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆளும் சாமானும் சேர்த்து இரண்டு டன் எடையை 1,200 மீட்டர் தூக்க, ஏற்றத்துக்கு மட்டும் ஆறரை யூனிட் மின்சாரம் போதும். இழப்பையும் சேர்த்தால் ஏழு, எட்டு. இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்ப பேட்டரிக்கு வந்துவிடும். 45 யூனிட் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் மின்சார வண்டிக்கு ஏற்காடு போய்வருவது சின்ன வேலை. ஒன்று மட்டும்: மேலே ஓட்டலில் தங்கி 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடமில்லாததால் மோட்டாரின் பிரேக் வேலை செய்யாது, முழுப் பாரமும் சாதாரண பிரேக்கில் விழும். 80 சதவீதத்தோடு இறங்குங்கள். வீட்டில் சொந்த பார்க்கிங்கும் சார்ஜ் போட வசதியும் உள்ளவர்கள், தினசரி ஓட்டம் 50, 60 கிலோமீட்டர் என்றால், கட்டாயம் இதை யோசிக்க வேண்டும்.

சிஎன்ஜி வேலைக்குப் போய்வரச் சிக்கனம். இழுவை குறையும், டிக்கியில் பெரும்பகுதி சிலிண்டருக்குப் போகும். வெளியூர்ப் பயணம் பிடித்த குடும்பத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

நான்கு மீட்டருக்குள் வாங்கினால் வரி குறைவு என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் இன்ஜினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இன்ஜினும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். மற்ற பெட்ரோல், டீசல் எஸ்யூவிகளுக்கு 40. நெக்ஸான் 18-இல் வருகிறது. அதே நீளமுள்ள பிரெஸ்ஸா 1462 சிசி என்பதால் 40-இல் போய்விடுகிறது. மின்சாரக் காருக்கு 5 சதவீதம். இதற்கு மேல் தமிழ்நாட்டுச் சாலை வரி: வண்டி விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் விகிதம் 13-லிருந்து 18 சதவீதத்துக்குத் தாவும். பத்து லட்சத்தை ஒட்டிய விலையில் ஒரு வேரியன்ட் மேலே போகும் முன் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை தெருக்களில் வீடு என்றால் வரியைவிட அகலம் முக்கியம். ஸ்கார்ப்பியோ-என் 1917 மில்லிமீட்டர் அகலம், கிரெட்டா 1790. கண்ணாடிகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். டேப் எடுத்து கேட்டையும் போர்டிகோவையும் அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

பாதுகாப்பு நட்சத்திரத்தை எவ்வளவு நம்பலாம்?

நம்பலாம். 2023 அக்டோபரிலிருந்து வண்டியை மோதவிட்டு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் சோதனை நம் நாட்டிலேயே நடக்கிறது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பெண் தருகிறார்கள். குழந்தைகள் மதிப்பெண்ணைத் தவறாமல் பாருங்கள். ஆனால் பின்சீட்டில் பெல்ட் போடாமல் ஐந்து நட்சத்திர வண்டியில் போவதில் அர்த்தமில்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே போகும் ஊர் நம்முடையது. பாட்டி உட்பட எல்லோருக்கும் பெல்ட், குழந்தைக்குக் கார் சீட்டிலேயே உள்ள ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிய தனிச்சீட். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம்பகமான வண்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புதிதாக வந்த மாடலை முதல் வருஷமே வாங்காதீர்கள். சின்னச் சின்னக் குறைகள் அந்த வருஷத்தில்தான் வெளிவரும், குறிப்பாகத் திரையும் மென்பொருளும். அதே இன்ஜினும் கியர்பாக்ஸும் வேறு மாடலில் மூன்று, நான்கு வருஷம் ஓடியிருந்தால் தைரியமாக வாங்கலாம். அப்புறம் கம்பெனி சர்வீஸ் சென்டர் வாசலில் ஒரு சனிக்கிழமை காலை போய் நில்லுங்கள். வண்டி விட வந்தவர்களிடம் பேசினால் பாகம் கிடைக்க எத்தனை நாள் ஆகிறது, சொன்ன பில்லும் வந்த பில்லும் ஒன்றா என்பது தெரிந்துவிடும். வெளி மெக்கானிக்கிடம் எந்த வண்டி அதிகம் வருகிறது என்று கேட்பதைவிட, எந்த வண்டியை அவரால் இங்கேயே முடிக்க முடிகிறது என்று கேளுங்கள்.

பழைய எஸ்யூவி வாங்கலாமா?

நல்ல யோசனைதான். நாலு வருஷ வண்டி பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தால் பெரிய வண்டி கைக்கு எட்டும். இரண்டு வகை வண்டிகளிடம் எச்சரிக்கை. ஒன்று, சென்னை வெள்ளத்தில் நின்றவை. 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு இதை மறக்கக்கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு அங்கேதான் தங்கியிருக்கும். சீட்டுக்குக் கீழே உள்ள போல்ட்டுகளில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் ஈர வாடை. இன்னொன்று, டெல்லியிலிருந்து வரும் டீசல் வண்டிகள். அங்கே பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதித்திருந்ததால் மலிவாக வரும். அங்கே என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்டினால் அந்த மலிவு கரைந்துவிடும்.

2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டி என்றால், இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு அது ஏற்றதா என்று கம்பெனி கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவ் எங்கே போக வேண்டும்?

ஷோரூம்காரர் நேர்ரோட்டில் ஒரு யூடர்ன் போட்டுக் கூட்டிவருவார். அது போதாது. வீட்டு ஆட்கள் நாலு பேரோடு அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவாவது ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஐந்து ரோடு மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். உங்கள் தெருவின் வேகத்தடையை ஆள் நிறைந்த வண்டியில் ஏறி இறங்குங்கள். அடி தட்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். போகும்போது நீங்கள் ஓட்டுங்கள், திரும்பும்போது ஓட்டுவதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் உட்காருங்கள். முடிந்தால் இருட்டியபின் ஒருமுறை. ஹெட்லைட் வெளிச்சம் வளைவுக்குப் போதுமா என்பதைப் பகலில் சொல்ல முடியாது.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் வாசனை வருகிறது. வண்டியில் குறையா?

பெரும்பாலும் ஓட்டும் முறைதான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். செகண்டில் வைத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வந்தால் போதும். காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் டிஸ்க் சூடாகி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் மோடு, ஹைபிரிட்டில் கியர் லீவரில் B என்று எழுதிய மோடு. நியூட்ரலில் இறங்கவே இறங்காதீர்கள். ஒடுக்கமான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டமும்கூட.

ஏற்காட்டுக்கு உள்ள இன்னொரு பாதையான குப்பனூர் வழி சில இடங்களில் குறுகலானது, பெரிய வண்டி புதிதாக வாங்கியவர்கள் முதலில் அடிவாரம் வழியே பழகுவது நல்லது. கனமழை நாட்களில் இரண்டு வழியிலும் மண் சரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அப்படித்தான் ஆனது. கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, பெயர் சொல்லுங்களேன்.

பத்து லட்சத்தை ஒட்டி, டவுன் ஓட்டமும் மாதம் ஒரு மலைப்பயணமும் என்றால் மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ டர்போ பெட்ரோல். பின்சீட்டு அகலமானது, டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம். டிக்கி மட்டும் சிறியது. டிக்கியும் வேண்டும் என்றால் நெக்ஸான். சர்வீஸ் சுலபம்தான் முதல் கவலை என்றால் பிரெஸ்ஸா. ஹைவேயில் தினமும் 70, 80 கிலோமீட்டர் என்றால் கிரெட்டா அல்லது செல்டாஸ் டீசல் ஆட்டோமேட்டிக். என் வோட்டு இதற்குத்தான். முழுக்க டவுன் என்றால் ஹைரைடர் ஹைபிரிட். ஸ்கார்ப்பியோ-என் பார்க்க கம்பீரம், மோசமான ரோட்டுக்கு உறுதி, ஆனால் முழங்கால் வலிக்காரர் உள்ள வீட்டுக்கு அதன் உயரம் சிரமம்.

டெலிவரி எடுத்ததும் நேரே ஏற்காடு போகலாமா?

கொஞ்சம் பொறுங்கள். புது பிரேக் பேடு படிய வேண்டும், புது டயரின் வழவழப்பு போக வேண்டும், இன்ஜினும் முதல் 1000 கிலோமீட்டர் வரை அலறவிடாமல் ஓட வேண்டும். பூஜை போட கோட்டை மாரியம்மன் கோயில் இருக்கிறது. கொஞ்ச தூரம் போக ஆசையென்றால் ஆத்தூர் ரோட்டில் வாழப்பாடி தாண்டிப் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயர முத்துமலை முருகன். சமமான ரோடு, புது வண்டிக்கு ஏற்ற ஓட்டம். கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி முழு அளவா, சின்ன அளவா, இல்லை பஞ்சர் கிட் மட்டும்தானா என்று பார்த்துவிடுங்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் எங்கே இருக்கின்றன என்பதை வீட்டில் ஓட்டும் எல்லோருக்கும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.